குளூட்டன் இல்லாத பீட்சா: வீட்டு ஓவனில் மொறுமொறுப்பாகச் சுடும் முறை

கோதுமை மாவில் பீட்சா செய்து பழகிய கை, குளூட்டன் இல்லாத மாவைத் தொட்டதும் இரண்டு காரியங்களைத் தானாகவே செய்யும். மாவு ஒட்டுகிறதே என்று இன்னும் கொஞ்சம் மாவைத் தூவும். பிசைந்தால் சரியாகிவிடும் என்று பிசையத் தொடங்கும். இரண்டுமே வேண்டாத வேலை. முதலாவது பேஸைக் கல்லாக்கும், இரண்டாவதால் எந்தப் பயனும் இல்லை.

கோதுமையில் குளூட்டெனின், கிளையாடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்து வைப்பது அந்த வலைதான். அரிசியிலும் சோளத்திலும் அப்படி ஒரு வலை கிடையாது. அங்கே வாயுவைப் பிடிப்பது இசப்கோல் உமியும் தண்ணீரும் சேர்ந்து உண்டாகும் கூழ். வெந்தபின் தாங்கி நிற்பது ஸ்டார்ச். எனவே இந்தப் பீட்சா முழுக்க முழுக்கத் தண்ணீர்க் கணக்கு. மாவு முதலில் நிறையத் தண்ணீரை நிதானமாகக் குடிக்க வேண்டும். பிறகு, சாஸ் மேலே ஏறுவதற்கு முன்பே, அதில் ஒரு நல்ல பங்கு ஆவியாகி வெளியேற வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

சமையலறையைத் தயார் செய்வது

சாப்பிடுபவருக்கு சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருந்தால், மாவை எடுப்பதற்கு முன் பாத்திரங்களைப் பார்க்க வேண்டும். பன்னாட்டு உணவுத் தர விதிகளின்படி, 1 கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாதது என்று சொல்லக்கூடாது. 20 மில்லிகிராம் எவ்வளவு சிறிய அளவு என்பதற்கு ஒரு கணக்கு: சாதாரணக் கோதுமை மாவில் 1 கிராமுக்குச் சுமார் 80 மில்லிகிராம் குளூட்டன் உண்டு. இங்கே நாம் கலக்கப்போவது சுமார் 740 கிராம் மாவு. அதில் வெறும் 1 கிராம் கோதுமை மாவு, அதாவது அரை டீஸ்பூனுக்கும் குறைவாக, விழுந்துவிட்டாலே கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டிவிடும். வரம்பைப் போல ஐந்து மடங்கு.

அதனால் மாவுச் சல்லடை, மர உருளை, மரப்பலகை, மரக்கரண்டி இவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சல்லடைக் கண்ணிலும் மர இழையிலும் சிக்கிய மாவு கழுவினாலும் முழுதாகப் போவதில்லை. பீட்சா கல்லும் அப்படித்தான். நுண்துளை நிறைந்தது, கோதுமை பீட்சா சுட்ட கல்லை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. எஃகுத் தகடு, கீறல் இல்லாத ஸ்டீல் தட்டு, கண்ணாடிப் பாத்திரம் ஆகியவற்றை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். ஓவன் சூட்டில் குளூட்டன் அழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அழியாது. அதே சமையலறையில் கோதுமை மாவு கையாண்டிருந்தால் மாவுத்தூள் நெடுநேரம் காற்றில் மிதந்து எல்லாவற்றின் மேலும் படியும். ஆகவே அதே நாளில் இரண்டும் செய்வதாக இருந்தால் குளூட்டன் இல்லாததை முதலில் செய்து மூடி வையுங்கள். ஓவனில் ஒரே நேரத்தில் இரண்டு பீட்சா வைத்தால் இதுதான் மேல் தட்டு.

நோய் எதுவும் இல்லை, கோதுமையைக் குறைக்கலாம் என்று பார்ப்பவர்களுக்கு இந்தக் கெடுபிடி தேவையில்லை. ஆனால் சீலியாக் இருக்குமோ என்ற சந்தேகத்தில் இருப்பவர்கள், பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக்கூடாது. நிறுத்திவிட்டுச் செய்யும் பரிசோதனை தவறாக 'இல்லை' என்று காட்டக்கூடும்.

எந்த மாவு எதற்கு

ஒரே மாவில் நல்ல பேஸ் வராது. அரிசி மாவு மட்டும் என்றால் உடையும். ஸ்டார்ச் மட்டும் என்றால் ரப்பர் போல இழுபடும். மொத்த எடையில் 35 முதல் 50 சதவீதம் ஸ்டார்ச், மீதி தானிய மாவு என்ற வரம்புக்குள் இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

அரிசி மாவு உடம்பையும் மொறுமொறுப்பையும் தருகிறது. அது எவ்வளவு நைஸாக இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் மணல் நெருடக் கூடாது. நெருடினால் சலியுங்கள், அல்லது ஊறும் நேரத்தை ஒரு மணி நேரமாகக் கூட்டுங்கள். வறுத்த அரிசி மாவும் ஆவியில் வேகவைத்த அரிசி மாவும் வேறு அளவில் தண்ணீர் குடிக்கும், கீழே கொடுத்த கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

மரவள்ளி ஸ்டார்ச் இழுவையையும் மெல்லும் தன்மையையும் தருகிறது. ஜவ்வரிசியை மிக்ஸியில் அரைத்து நைஸாகச் சலித்தாலும் ஒப்பேறும். இதைக் கூட்டிக்கொண்டே போனால் நடுவில் வேகாத பிசினாக நிற்கும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் மென்மைக்கு. இதை உருளைக்கிழங்கு மாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கிழங்கை வேகவைத்துக் காயவைத்து அரைப்பது மாவு, அது தண்ணீரை மடமடவென்று இழுத்துக்கொள்ளும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் கிடைக்காவிட்டால் அதே எடையில் மக்காச்சோள ஸ்டார்ச் போடலாம், கொஞ்சம் வறட்சியாக வரும், அவ்வளவுதான்.

வெள்ளைச் சோள மாவோ பக்வீட் மாவோ சிறிதளவு சேர்த்தால் புரதம் கூடும், சுவை வரும், நிறமும் ஏறும். பக்வீட்டின் பெயரில் வீட் இருந்தாலும் அதற்கும் கோதுமைக்கும் உறவில்லை. ஆனால் இவற்றையெல்லாம் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரைத்திருக்கலாம். சீலியாக் உள்ளவர்களுக்கு, குளூட்டன் இல்லை என்ற முத்திரை உள்ள பாக்கெட்தான் வாங்க வேண்டும். ஓட்ஸில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். முத்திரையுள்ள ஓட்ஸுக்கும்கூட சிலருடைய உடல் எதிர்வினை காட்டுவதுண்டு.

கடையில் கிடைக்கும் தயார் கலவைகள் மோசமில்லை. அவற்றில் சாந்தன் கம்மோ (மாவைப் பிணைக்கும் ஒரு பசைப்பொடி) இசப்கோலோ ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தண்ணீர் அளவைப் பாக்கெட்டில் சொன்னபடியே வையுங்கள். கபூட்டோ நிறுவனத்தின் ஃபியோரேகுளூட் போன்ற சில இத்தாலியக் கலவைகள் கோதுமையின் சாயலுக்கு மிக அருகில் வரும். காரணம், குளூட்டனைப் பிரித்தெடுத்த கோதுமை ஸ்டார்ச் அதில் இருக்கிறது. குளூட்டன் வரம்புக்குள் இருப்பதால் அது சீலியாக் உள்ளவர்களுக்கென்றே விற்கப்படுகிறது. கோதுமை ஒவ்வாமை என்பது வேறு நோய். அது உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

இனி இசப்கோல். உமியாகவும் கிடைக்கும், பொடியாகவும் கிடைக்கும். ஒரு டேபிள்ஸ்பூன் பொடியின் எடை ஒரு டேபிள்ஸ்பூன் உமியைவிட மிக அதிகம், ஆகவே கரண்டி அளவில் போட்டால் ஏமாற்றம்தான். தராசு வேண்டும். மலச்சிக்கலுக்கென்று சர்க்கரையும் ஆரஞ்சு வாசனையும் சேர்த்து விற்கும் இசப்கோலை வாங்கி வந்துவிடாதீர்கள். சில இசப்கோல்கள் வெந்தபின் பேஸுக்கு இளம் ஊதா நிறம் கொடுக்கும். பார்க்கத்தான் சங்கடம், சாப்பிடத் தடையில்லை.

அளவு

28 சென்டிமீட்டர் பீட்சா இரண்டுக்கு:

நைஸ் அரிசி மாவு 160 கிராம்
வெள்ளைச் சோள மாவு அல்லது பக்வீட் மாவு 60 கிராம்
மரவள்ளி ஸ்டார்ச் 90 கிராம்
உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 40 கிராம்
இசப்கோல் பொடி 16 கிராம் (உமி என்றால் 19 கிராம்)
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம்
சர்க்கரை 8 கிராம்
உப்பு 7 கிராம்
தண்ணீர் 330 கிராம், கை பொறுக்கும் வெதுவெதுப்பில்
ஆலிவ் எண்ணெய் 20 கிராம், தடவுவதற்குத் தனியாகக் கொஞ்சம்

பாலுக்குத் தடை இல்லையென்றால் 10 கிராம் பால் பவுடர் சேர்க்கலாம். இந்த மாவில் புரதம் குறைவு என்பதால் சிவப்பதற்கு நேரம் எடுக்கும். பால் பவுடர் அந்தக் குறையைத் தீர்க்கும். ஒரு முட்டையின் வெள்ளைக்கரு சேர்ப்பவர்களும் உண்டு. பேஸுக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். அப்போது தண்ணீரில் 30 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாவு 350, தண்ணீர் 330 என்றால் கிட்டத்தட்ட சமம். கோதுமை பீட்சாவில் மாவின் எடையில் 60 முதல் 70 சதவீதம்தான் தண்ணீர் வரும் என்பதால் இது தப்பு அச்சிட்டதுபோலத் தோன்றும். சரியான அளவுதான். பயந்து தண்ணீரைக் குறைத்தால் பிஸ்கட் கிடைக்கும்.

கலப்பது

அகலமான பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி, விஸ்கால் ஒரு கை கலக்கிக்கொண்டே இருக்க, மறு கையால் இசப்கோலைத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளிப்பக்கம் கூழாகி உள்ளே காய்ந்த தூள் அடைபட்ட கட்டிகள் வரும். அவை கடைசிவரை கரையாது. ஐந்து நிமிடம் விட்டால் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகும். அதில் எண்ணெயைச் சேருங்கள்.

வேறொரு பாத்திரத்தில் மாவுகள், ஈஸ்ட், சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் நன்றாகக் கலந்துகொண்டு கூழில் சேருங்கள். ஸ்டாண்ட் மிக்ஸர் இருந்தால் துடுப்புப் போன்ற இணைப்பைப் போட்டு நடுத்தர வேகத்தில் நான்கு நிமிடம். கையால் என்றால் கூழை மாவுக்குள் அழுத்தி அழுத்தித் தேய்த்து ஆறேழு நிமிடம். முதல் இரண்டு நிமிடம் உதிரியும் கட்டியுமாக, சேரவே சேராது என்பதுபோல இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் விடாதீர்கள். வேலை முழுவதும் கூழை எல்லா இடத்துக்கும் சமமாகக் கொண்டு போவதுதான், பிசைந்து வலுவேற்றுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை.

ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்றால் 7.5 கிராம் எடுத்து, மேற்சொன்ன தண்ணீரிலிருந்தே 50 கிராமைத் தனியாக எடுத்து 38 முதல் 40 டிகிரி சூட்டில், கொஞ்சம் சர்க்கரையோடு பத்து நிமிடம் வையுங்கள். நுரைக்காவிட்டால் ஈஸ்ட் செத்துவிட்டது. மாவில் சேர்க்காமல் கொட்டிவிடுங்கள்.

கலந்த மாவை மூடி 20 நிமிடம் ஊறவிடுங்கள். அரிசி மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். இந்த 20 நிமிடத்தை விழுங்கிவிட்டால் வெந்த பேஸில் மணல் நெருடும். ஊறியபின் பதம் பாருங்கள்: ஈரக் கையால் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் வெடிக்காமல் பள்ளம் விழ வேண்டும். ஓரம் வெடித்தால் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் சேருங்கள். உருண்டை தானாகவே தளர்ந்து பரவினால் இன்னும் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் பரவினால் மட்டும் 10 கிராம் அரிசி மாவு.

இசப்கோல் கிடைக்கவில்லை என்றால் சாந்தன் கம் 4 கிராம் போட்டு, தண்ணீரை 280 கிராமாகக் குறைக்க வேண்டும். அது உருட்டும் மாவாக வராது, கரண்டியால் பரப்பும் விழுதாகத்தான் வரும். சுவையில் குறையில்லை, ஆனால் மென்மையான ரொட்டி போலிருக்கும். மெல்லும்போது இழுவை கிடைக்காது. சாந்தன் கம்மைக் கூட்டினால் இழுவை வரும் என்று நினைத்துக் கூட்டாதீர்கள், வழவழப்புத்தான் கூடும்.

பரப்புவதும் உப்புவதும்

மாவை இரண்டாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் சுமார் 365 கிராம். பேக்கிங் பேப்பரில் எண்ணெய் தடவி நடுவில் உருண்டையை வைத்து, எண்ணெய் தொட்ட விரல்களால் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தள்ளி 28 சென்டிமீட்டர் வட்டமாக்குங்கள். தடிமன் 5 முதல் 6 மில்லிமீட்டர் இருக்கும். இந்த மாவில் நடு எப்போதும் கடைசியாகத்தான் வேகும் என்பதால் நடுவை ஓரத்தைவிடச் சற்று மெல்லியதாக வையுங்கள். உயர்ந்த விளிம்பு வேண்டுமானால் ஓரத்தை விரலால் உள்ளே தள்ளி எழுப்புங்கள். வெடித்த இடத்தை ஈரவிரலால் தடவினால் மூடிக்கொள்ளும். காற்றில் சுழற்றி விரிப்பதெல்லாம் இதில் நடக்காது.

மேலே எண்ணெய் தடவி, தொடாதபடி மூடி, அறைச்சூடு 27, 28 டிகிரி இருந்தால் 40 நிமிடம், குளிர் என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் விடுங்கள். ஒன்றரை மடங்கு உப்பினால் போதும். இரு மடங்குக்குக் காத்திருந்தால் கூழ்வலை அறுந்து வாயு வெளியேறிவிடும். மேற்பரப்பில் ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தால் நேரம் தாண்டிவிட்டது, உடனே ஓவனுக்குப் போங்கள். உப்பிய மாவை அமுக்கித் திரும்ப உப்ப வைக்கும் வழக்கம் கோதுமைக்கு உரியது. இங்கே ஒருமுறை போன வாயு போனதுதான்.

நல்ல சுவைக்கு நேரம் கொடுக்க விரும்பினால் ஈஸ்ட்டை 2 கிராமாகக் குறைத்து, கலந்த மாவை மூடி ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். குளிர்ந்த மாவு கெட்டியாக இருப்பதால் பரப்புவதும் சுலபம். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் புளிப்பேறி வலுவிழக்கும். பரப்பியபின் சூடேறி உப்ப ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

முதல் வேக்காடு

வெறும் பேஸைத் தனியாகச் சுட்டெடுக்கும் இந்தப் படிதான் முழுச் செய்முறையின் உயிர். சாஸை ஊற்றி ஒரே தடவையில் சுட்டால், மேலே ஈரம், உள்ளே ஈரம். ஸ்டார்ச் தான் பிடித்த தண்ணீரை விடவே விடாது. மேல்பக்கம் பார்க்க வெந்திருக்கும், கடித்தால் பசை.

கல்லையோ எஃகுத் தகட்டையோ, இரண்டும் இல்லாவிட்டால் கனமான தட்டைக் கவிழ்த்தோ ஓவனின் கீழ்த் தட்டில் வைத்து 230 டிகிரியில் சூடாக்குங்கள். எஃகுக்கும் கல்லுக்கும் 45 நிமிடம் வேண்டும். ஓவன் விளக்கு அணைந்துவிட்டது என்பது காற்று சூடாகிவிட்டது என்றுதான் பொருள், கல் சூடாகிவிட்டது என்று இல்லை. பேக்கிங் பேப்பர் பெரும்பாலும் 220 அல்லது 230 டிகிரி வரைதான் தாங்கும், பாக்கெட்டில் எழுதியிருக்கும். மாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பேப்பரைக் கத்தரித்துவிடுங்கள்.

பேப்பரோடு பேஸைக் கல்லின் மேல் தள்ளி, ஐந்து நிமிடம் கழித்து அடிப்பக்கம் கெட்டியானதும் பேப்பரை உருவி எடுங்கள். அடி நேராகக் கல்லில் பட்டால்தான் ஆவி போக வழி கிடைக்கும். மொத்தம் 9 முதல் 11 நிமிடம். மேல்பக்கம் பளபளப்பு மறைந்து காய்ந்து, அடியில் ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள் வந்திருக்க வேண்டும். ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் நடு தொய்யக் கூடாது. இன்னும் திட்டமாகத் தெரிய வேண்டுமா, தராசில் வையுங்கள். 365 கிராம் உள்ளே போனது 325க்குக் கீழே வந்திருக்க வேண்டும். 40 கிராமாவது தண்ணீர் போகாத பேஸ் எத்தனை அழகாகத் தெரிந்தாலும் இன்னும் இரண்டு நிமிடம் உள்ளே இருக்கட்டும்.

வெளியே எடுத்ததும் கம்பி வலைத் தட்டில் வையுங்கள். பலகையிலோ தட்டிலோ வைத்தால் அடியிலிருந்து வரும் ஆவி அங்கேயே திரும்ப ஈரமாகப் படியும்; இத்தனை நேரம் ஓட்டி அனுப்பிய தண்ணீரை நாமே அழைத்து உட்கார வைத்ததாகும்.

மேலே போடுபவை

400 கிராம் டின் தக்காளியை மசித்து, இரண்டு பல் பூண்டு, 4 கிராம் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயோடு மிதமான தீயில் 15 முதல் 20 நிமிடம், சுமார் 250 கிராமாகச் சுண்டும்வரை காய்ச்சுங்கள். கரண்டியால் கோடு கிழித்தால் தண்ணீர் ஓடிவந்து மூடக்கூடாது. ஒரு பீட்சாவுக்கு 70 கிராம் தாராளம். பேஸில் முதலில் எண்ணெயை மெல்லிசாகத் தடவிவிட்டு சாஸைப் பரப்பினால் ஈரம் இறங்குவது தாமதமாகும்.

சீஸ் 100 கிராம், ஈரம் குறைந்த மொஸரெல்லா. தண்ணீரில் மிதக்கும் புதிய மொஸரெல்லா என்றால் கிழித்து, துணியில் அரை மணி நேரம் வடியவிடுங்கள். காளானைத் தனியாக வதக்கித் தண்ணீரை வற்றவைத்துத்தான் போட வேண்டும். வெங்காயம், குடமிளகாய் மெல்லியதாக நறுக்கியிருந்தால் பச்சையாகப் போடலாம். வதக்காத தக்காளித் துண்டுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

மாவில் இத்தனை கவனம் காட்டிவிட்டு மேலே போடும் பொருளில் கோட்டை விடுவது அடிக்கடி நடக்கிறது. சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு, அதில் ஊறிய இறைச்சியிலும் உண்டு. சாசேஜிலும் இறைச்சி உருண்டைகளிலும் ரொட்டித்தூள் கலந்திருக்கலாம். மால்ட் என்று எங்கே பார்த்தாலும் அது பெரும்பாலும் குளூட்டன் உள்ள பார்லி. துருவி விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்கத் தூவுவது வழக்கமாக உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோ செல்லுலோஸோதான், என்றாலும் லேபிளைப் படிப்பதில் நஷ்டமில்லை.

இரண்டாம் வேக்காடு அதே 230 டிகிரியில், பேப்பர் இல்லாமல், நேராகக் கல்லின் மேல் 6 முதல் 8 நிமிடம். ஓவன் 250 டிகிரி போகுமானால் இந்தக் கட்டத்தில் ஏற்றிக்கொள்ளலாம். சீஸ் உருகி ஓரம் சிவந்ததும் எடுத்து, மூன்று நிமிடம் கம்பித் தட்டில் வைத்துவிட்டு வெட்டுங்கள். ஸ்டார்ச் சூடு குறையும்போதுதான் இறுகுகிறது. கொதிக்கக் கொதிக்க வெட்டினால் சரியாக வெந்த பேஸும் பிசுபிசுப்பாகத்தான் தெரியும்.

எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பது

அதிகம் வரும் புகார் பசை. ஒரு துண்டை வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். பசைக்கோடு சாஸுக்கு நேர் கீழே மட்டும் இருந்தால் குற்றம் சாஸின் மேல்: அதிகம் அல்லது தண்ணீராக இருந்தது, இல்லாவிட்டால் சாஸ் தடவிய பேஸை நெடுநேரம் வெளியே வைத்துவிட்டீர்கள். கோடு நடுவில் இருந்தால் பேஸ் தடிமன் அல்லது முதல் வேக்காடு போதவில்லை. அடியில் இருந்தால் கல்லோ தட்டோ சூடாகவில்லை, அல்லது பேப்பரை உருவ மறந்துவிட்டீர்கள். மேலிருந்து கீழ்வரை ஒரேயடியாகப் பசை என்றால் அளவில்தான் கோளாறு; இசப்கோல் எடை கூடியிருக்கும், அல்லது மரவள்ளி ஸ்டார்ச் கூடியிருக்கும்.

கல்லுப்போல இறுகினால் தண்ணீர் போதவில்லை, இல்லாவிட்டால் சூடு குறைந்த ஓவனில் நெடுநேரம் கிடந்து காய்ந்திருக்கிறது. 180 டிகிரியில் 25 நிமிடம் சுடுவதும் 230 டிகிரியில் 10 நிமிடம் சுடுவதும் ஒன்றல்ல. முதலாவதில் சிவப்பதற்குள் உள்ளே உலர்ந்துபோகும்.

உப்பாமல் சப்பையாக நின்றால் ஈஸ்ட்டைச் சந்தேகியுங்கள். உப்பி, ஓவனில் அமுங்கினால் நேரத்தைச் சந்தேகியுங்கள். மேலே வெளுப்பாக நின்றால் எண்ணெய் தடவாததும் பால் பவுடர் போடாததும் காரணம், கடைசி ஒரு நிமிடம் மேல்கம்பிச் சூட்டைப் போட்டால் சரியாகும். ஆனால் அந்தச் சூட்டில் பேப்பர் உள்ளே இருக்கக்கூடாது, பற்றிக்கொள்ளும்.

ஓவன் இல்லையென்றால்

கனமான இரும்பு வாணலியில் இதே மாவைச் செய்யலாம். கோதுமை மாவு பழகிய வாணலியாக இருக்கக்கூடாது. உப்பிய பேஸை, அது தட்டையாக அடங்கும் அளவுள்ள, எண்ணெய் தடவிய வாணலியில் வைத்து மிதமான தீயில் மூடாமல் 6, 7 நிமிடம். அடி சிவந்ததும் திருப்பிப்போட்டு 4 நிமிடம். மூடினால் ஆவி உள்ளேயே நிற்கும் என்பதால் இதுவரை மூடி வேண்டாம். பிறகு மறுபடி திருப்பி, சாஸை 50 கிராமோடு நிறுத்தி, சீஸைத் தூவி, தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே திறந்து வைத்து சீஸ் உருகும்வரை விடுங்கள். சீஸ் சிவக்காது, ஆனால் அடி ஓவனில் வருவதைவிட மொறுமொறுப்பாகவே இருக்கும்.

எடுத்து வைப்பது

வெந்த ஸ்டார்ச் ஆறியபின் மெல்ல இறுகிக்கொண்டே போகும், ஃபிரிட்ஜின் குளிரில்தான் அது வேகமாக நடக்கிறது. அதனால் மிச்ச பேஸை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். முதல் வேக்காடு முடிந்த பேஸ் முற்றிலும் ஆறியதும், இரண்டு பேஸுக்கு நடுவே பேப்பர் வைத்து, காற்றுப் புகாமல் கட்டி ஃபிரீஸரில் போட்டால் ஒன்றிரண்டு மாதம் இருக்கும். எடுத்ததும் உருகவிடாமல் அப்படியே சாஸும் சீஸும் போட்டு 230 டிகிரியில் 9, 10 நிமிடம் சுடலாம். முழுதாகச் சுட்டு மிஞ்சிய துண்டுகளை ஃபிரிட்ஜில் வைத்தே ஆகவேண்டியிருந்தால், மறுநாள் காய்ந்த வாணலியில் மிதமான தீயில் வைத்து, ஓரத்தில் ஒரு டீஸ்பூன் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் மூடி, பிறகு திறந்து இரண்டு நிமிடம் விடுங்கள். ஆவி உள்ளே போய் ஸ்டார்ச்சை இளக்கும், திறந்தபின் அடி மறுபடி மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவில் வைத்தால் அரை நிமிடம் மென்மையாக இருக்கும், தட்டு மேசைக்கு வருவதற்குள் தோலாகிவிடும்.